காத்திருப்பு இசை

டெல்மர் ஹாகன் செவ்வாய்க்கிழமைகளில் வருவார்.
தொப்பியைக் கழற்ற மாட்டார்,
வலக்காதை என் பக்கம் திருப்பி நிற்பார்.
இடக்காது பாலைவனத்தில் பீரங்கியோடு போயிற்று.
மிச்சமிருப்பது
அரைச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறது.

எங்கள் கிளினிக்கின் பின்னறைக்கு
மாதத்தின் முதல் வியாழன்
காது சோதிக்கும் பெண் வருவாள்.
என் நாற்காலியிலிருந்து அந்தக் கதவு பதினோரு அடி.
டெல்மருக்கு அது மாண்டானாவின் மறுகோடி.

கதவு திறக்க அனுமதி எண் வேண்டும்.
எண்ணைத் தொலைபேசியில்தான் கேட்க வேண்டும்.
கேட்காத காதுக்காரர்
கேட்கவில்லை என்று சொல்வதற்கு
கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும்.

ஆகவே ரிசீவரை நான் பிடிக்கிறேன்.
சாக்ஸபோன்.
மூடிப்போன ஹோட்டலின் லிஃப்டில்
யாரோ மறந்து விட்டுப்போனது போல.
"பாட்டு இன்னும் ஓடுதா?"
தலையாட்டுகிறேன்.
காப்பி ஊற்றிவந்து வைக்கிறார், மூன்று சர்க்கரை போட்டு.
நான் ஒன்றுதான் போடுவேன். சொன்னதில்லை.

நாற்பத்தாறாவது நிமிடத்தில் ஒரு குரல்:
படைவீரர் மருத்துவமனை அவர் வீட்டிலிருந்து
ஐம்பத்தெட்டு நிமிடம்.
அறுபதைத் தாண்டினால்தான் உள்ளூர் டாக்டர்.
"எந்த வழியாக?"
"ஆல்டர் பாலம் வழியாக."

ஆல்டர் பாலம் மே வெள்ளத்தில் போனது.
அதில் ஒரு துண்டு
ஓவர்பியின் பார்லி வயலில் கிடக்கிறது,
கன்றுகள் முதுகு சொறிந்துகொள்கின்றன.
"கணினியில் பாலம் இருக்கிறது, அம்மா."

என் முகத்தைப் பார்த்தே டெல்மர் புரிந்துகொண்டார்.
"அதன் மேல் ஓட்டச் சொல்றாங்களா?
இதைவிட மோசமான உத்தரவெல்லாம் பார்த்திருக்கேன்."
அவர் சிரித்தார். எனக்கு வரவில்லை.
ஒரு காதையே கொடுத்துவிட்டு வந்தவரை
காது கொடுத்துக் கேட்க
ஆளில்லை.

அடுத்த வாரம்
பாலத்துண்டு, கன்று, டெல்மர்
மூவரையும் ஒரே படத்தில் பிடித்து அனுப்பினேன்.
ஃபேக்ஸில்தான் வாங்குவார்களாம்.
எல்லாம் கறுப்பாய்ப் போயிருக்கும்,
கன்றின் நெற்றி வெள்ளை மட்டும் தெரிந்திருக்கும்.

யார் பார்த்தார்களோ. ஆகஸ்டில் எண் வந்தது.
தீவனக் கடை ரசீதின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தேன்.
அதைத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு
பதினோரு அடியையும்
மெதுவாகவே நடந்தார்.

இப்போது அக்டோபர். இந்த முறை முழங்கால்,
இன்னொரு எண்.
நான் எண்களை அழுத்த, அவர் குனிந்தார்.
காதுக்குப் பின்னால் பீன்ஸ் விதையளவு கருவி.
முகம் கோணியது.
"இதையா?
இத்தனை மாசமும் இதையா கேட்டுக்கிட்டிருந்தே?"
ரிசீவரைப் பிடுங்கிக்கொண்டார்.
"நீ போய்ச் சாப்பிடு, ரோவீனா."

கோட்டை எடுத்துக்கொண்டு
அவருக்கு முதுகைக் காட்டியபடி,
வாசலிடம் சொல்வது போல்தான் சொன்னேன்,
எனக்குச் சர்க்கரை ஒன்று போதும் என்று.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சிருக்கலாமே"
என்றார் பின்னாலிருந்து.