நுப்பின் நோட்டு

பிரிந்தபோது பங்கிட முடியாமல் போனது
நாய் மட்டும்தான்.
ஒரு வாரம் மாரிகாவிடம், ஒரு வாரம் என்னிடம்.
நுப் என்றால் எங்கள் எஸ்தோனிய மொழியில் பொத்தான்.
இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பூட்டும் என்று
யோசித்து வைத்த பெயரல்ல.
மூக்கு அப்படி இருந்தது, அவ்வளவே.

மார்ச்சில் பாதங்களை நக்கத் தொடங்கியது.
விரலிடுக்கில் வெள்ளை முடி துருவேறியது,
லிஃப்ட் பழுதுபார்க்கும் என் கையுறை போல.
இரவெல்லாம் கழுத்து மணி தூங்கவிடவில்லை.
காதுக்குள் சிவப்பு. தொடையிடுக்கில்
அரிசி அரிசியாய்த் தடிப்பு.
உண்ணி தேடினேன். இல்லை.
மனதுக்குள் அவளுடைய கம்பளத்தைத் தேடினேன்.
இருந்தது.

டாக்டர் விர்வே தோலைச் சுரண்டி
நுண்ணோக்கியில் வெகுநேரம் பார்த்தார்.
"சொறிப்பூச்சி இல்லை. ஒவ்வாமையாக இருக்கலாம்.
இருக்கலாம் என்பதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்.
எட்டு வாரம் முயலிறைச்சி, உருளைக்கிழங்கு, தண்ணீர்.
வேறொன்றும் வாய்க்குள் போகக்கூடாது.
உங்கள் மாத்திரை எதையும் என்னைக் கேட்காமல் கொடுக்காதீர்கள்.
எப்போது, எங்கே, எவ்வளவு நேரம் சொறிகிறது, எழுதுங்கள்."

அப்படித்தான் ஒரு கோடு போட்ட நோட்டு
கயிற்றோடும் கிண்ணத்தோடும்
தார்த்துவின் இரண்டு வீடுகளுக்கிடையே
பயணம் போகத் தொடங்கியது.

என் கையெழுத்து:
செவ்வாய். வலது முன்னங்கால். பதினொரு நிமிடம்.
பாலாடைக்கட்டி கேட்டது. தரவில்லை.

அவள் கையெழுத்து:
வெள்ளி. சொறியவில்லை.
ஆற்றில் பனிக்கட்டி உடைந்துவிட்டது.

பனிக்கட்டி எதற்கு இங்கே
என்று ஓரத்தில் எழுதி, அடித்தேன்.

ஆறாவது வாரம் கணக்குப் பார்த்தேன்.
அவள் வாரங்களில் அடங்குகிறது.
என் வாரங்களில் கிளம்புகிறது.
அங்கே ஏறுவது இங்கே வெளிப்படுகிறது என்று
ஒரு தேற்றமே செய்துவைத்தேன்.

இரவு தவறாமல் நுப்புக்குப் பல் துலக்கிவிடுவேன்.
அவள் துலக்கமாட்டாள். அதில் எனக்குக்
கொஞ்சம் பெருமை உண்டு.
அன்று பற்பசைக் குழாய் கை நழுவி
முதுகைக் காட்டிக்கொண்டு தரையில் கிடந்தது.
கண்ணாடி மாட்டிக்கொண்டு படித்தேன்.
கோழிச் சுவை.

பேனாவோடு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.
வியாழன். குற்றவாளி நான்தான்.
குழாயை எறிந்துவிட்டேன்.
எட்டு வாரத்தை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.
கம்பளத்தைப் பற்றி எழுதவில்லை.
நினைத்ததையெல்லாம் எழுத அது
நாயின் நோட்டு.

திரும்பி வந்த பக்கத்தில் அவள்:
கோழிதானா என்று இன்னும் தெரியாது.
அடங்கிய பிறகு கொஞ்சம் கொடுத்துப் பார்க்கச் சொல்வார் டாக்டர்.
அதுவரை குற்றவாளி என்றெல்லாம் எழுதாதே, தார்வோ.

இப்போது மே. பிர்ச் மரங்கள்
ஜன்னல் விளிம்பில் மஞ்சள் தூள் பூசிவிட்டுப் போகின்றன.
சொறி பாதி நின்றிருக்கிறது.
மீதிப் பாதி இந்த மரங்களோ என்னவோ.
நடந்து வந்ததும் ஈரத் துணியால் பாதம் துடைக்கிறேன்.
மூன்றைத் தந்துவிடுகிறது.
நான்காவதற்குத்தான் தினமும் பேரம்.