பின்னொளி

பால் லாரி ஐந்து மணிக்குக் கிளம்பியாக வேண்டும்.
இப்போது மூன்று நாற்பது.
நேற்று மாலை பூட்டிக்கொண்டு போகையில்
"புதுப்பித்துக்கொண்டிருக்கிறேன், அணைக்க வேண்டாம்" என்றது லேப்டாப்.
அணைக்கவில்லை.
சொன்ன பேச்சைக் கேட்டதற்கு
இந்தக் கருப்பு.

விசிறி ஓடுகிறது, கை வைத்தால் சூடு தெரிகிறது.
கேப்ஸ் லாக்கை அழுத்தினால்
ஊசிமுனையளவு பச்சை. மறுபடி அழுத்தினால் இல்லை.
நாடி இருக்கிறது. முகம்தான் செத்துக் கிடக்கிறது.
பவர் பட்டனைப் பத்து எண்ணும்வரை அமுக்கினேன்,
பிறகு பன்னிரண்டு, கோபத்தில் இருபதும்.
பேட்டரியைப் பிடுங்கிக் கம்பளிக்குள் வைத்துச் சூடேற்றினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.
ஜூலைக் குளிர், வெளியே புல்லெல்லாம் உறைபனி,
தோன்றியது, செய்தேன்.

அதற்குள்தான் இருக்கிறது முப்பத்தொரு பண்ணைகளின் பட்டியல்.
யாரிடம் எத்தனை லிட்டர், எந்த ஓடைப் பாலம் உடைந்திருக்கிறது,
எல்லாவற்றையும்விட,
மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பால்
இன்று எந்தத் தொட்டியில்.
அந்த ஒரு தொட்டி சேர்ந்தால்
லாரி முழுக்கச் சாக்கடைக்கு.
எச்செவெர்ரி பண்ணையா, ஒலாசாபலா?
நேற்று நான்தான் தட்டச்சு செய்தேன்.
விரலுக்குத் தெரிந்தது வாய்க்கு வரவில்லை.

மோன்தேவிதேயோவில் உறங்கிய டெக்னீஷியனை எழுப்பினேன்.
"திரையில் என்ன தெரிகிறது?"
"ஒன்றும் தெரியவில்லை."
"அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லுங்கள், ஒதிலியா."
ஒன்றுமில்லாததை, விவரமாக.
இருபது வருடம் கணக்கெழுதுகிறேன்,
யாரும் என்னிடம் இதைக் கேட்டதில்லை.
"கருப்பு," என்றேன்.
"கருப்பா, அணைந்திருக்கிறதா?"
"இரண்டும் ஒன்றுதானே?"
கொட்டாவிக்கு நடுவே சிரித்தான்.
"இல்லை அம்மணி. அறை விளக்கை நிறுத்திவிட்டு
ஒரு டார்ச் அடித்துப் பாருங்கள்."

குழல்விளக்கை நிறுத்தினேன்.
கக்கத்தில் வெந்நீர்க் குடுவை, கையில் மாத்தேயோடு
காவல்காரன் எல்பியோ வாசலில் வந்து நின்றான்.
"பிரார்த்தனையா?"
"பேசாமல் டார்ச்சை எடு."

கன்று ஈனும் மாட்டுக்குப் பிடிக்கிற டார்ச்.
நேராகப் பிடித்ததும் என் மூக்குதான் தெரிந்தது.
சாய்த்தான், இன்னும் சாய்த்தான்,
கன்னம் மேசையில் படும் அளவுக்கு.

அங்கே,
எண்ணெய்த் தாளில் மழுங்கிய பென்சிலால் வரைந்ததுபோல்
ஒரு கடிகாரம். நான்கு இருபது.
கீழே என் பெயர்.
பெயருக்குக் கீழே ஒரு வெற்றுக் கட்டம்,
கடவுச்சொல்லுக்கு.

இவ்வளவு நேரமும் கதவருகே நின்றிருக்கிறது,
யார் என்று சொல், விடுகிறேன் என்று.
நானோ அதன் வயிற்றைத் திறந்து
பேட்டரியைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

எல்பியோ விரற்கடை விரற்கடையாக வெளிச்சத்தை நகர்த்த
நான் சுட்டியைத் தொலைத்துத் தொலைத்துக் கண்டுபிடித்தேன்.
"இடது! உன் இடதில்லை, என் இடது!"
ஒளி கூட்டும் விசை எதற்கும் மசியவில்லை.
போகட்டும்.
கோப்பு. பட்டியல். அச்சு. ஆம், நிச்சயமாக ஆம்.
மூலையில் பிரிண்டர் தொண்டையைச் செருமியது.

ஒலாசாபல். இரண்டாம் தொட்டி. தொடாதே.

ஐந்து மூன்றுக்கு லாரி கிளம்பியது.
அந்த மூன்று நிமிடத்துக்காக ஓட்டுநர்
கேட் தாண்டும்வரை முணுமுணுத்தான்.

டெக்னீஷியன் மறுபடி கூப்பிட்டான்.
"சரியாகிவிட்டதா?"
"கருப்புதான்," என்றேன். "அணையவில்லை."
"வியாழக்கிழமை வருகிறேன்."

எல்பியோ மங்கிய டார்ச்சைத் தட்டித் தட்டிப் பார்க்கிறான்.
இரண்டு பேட்டரிக்கு அலுவலகம் காசு தர வேண்டுமாம்.
தரலாம், படிவம் நிரப்பினால்.
படிவம் எங்கே என்கிறான்.
நான் லேப்டாப்பைப் பார்க்கிறேன்.
அவனும் பார்க்கிறான்.