தலையாட்டி

விரிவுரையில் இதைச் சொல்வதில்லை.
திரையில் ஒரு வட்டம், விளிம்பில் முள்ளாய் ஒரு வாங்கி.
எதிரே இன்னொரு வட்டம்,
அதன் தோலில் பத்தொன்பது என்று ஓர் இலக்கம்.
முள் இலக்கத்தைத் தொட்டால் கொல்லும் என்பேன்.
மாணவர் எழுதிக்கொள்வார்கள்.
திருநெல்வேலிச் சந்தைப் பக்கமிருந்து
பஸ் ஹோர்ன் ஒன்று உள்ளே வரும்.
அடுத்த படம்.

சொல்லாதது இது.
எனக்குப் பத்து வயது. சுற்றிவளைப்பு.
பள்ளிக்கூட மைதானத்தில் ஊர் ஆம்பிளையள் வரிசையில்,
கிடுகு வேலிக்கு இந்தப் பக்கம் நாங்கள்.
ஜீப்புக்குள் ஒருவன், தலையில் சாக்கு,
சாக்கில் இரண்டு ஓட்டை.
சாக்கு அசைந்தால் லொறி,
அசையாவிட்டால் வீடு.
அண்ணாவின் கெமிஸ்ட்ரி மாஸ்டர் குணநாயகம்
கண்ணாடியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நடந்தார்.
அசைந்தது.
ஏனென்று இன்றைக்கும் தெரியாது.
சாக்குக்குள் இருந்தவனுக்கும் தெரிந்திராது.

இருபத்திரண்டு வருஷமாக என் வேலை
ஒரு கலத்துக்குத் தலையாட்டப் பழக்குவது.
நோயாளியின் குருதியிலிருந்து ரி கலத்தைப் பிரித்து,
பல் பிடுங்கிய வைரஸின் முதுகில் புது மரபணுவை ஏற்றி,
பன்னிரண்டு நாள் உடற்சூட்டில் வளர்த்து
அவனுக்கே திருப்பிக் கொடுப்பது.
எழுதினால் நாலு வரி.
முதல் ஒன்பது வருஷம் எலிகள் செத்தன.
பிறகு எலிகள் பிழைத்தன, பணம் செத்தது.
பிறகு ஒரு மார்கழி இரவு கரண்ட் போய்,
உறைபெட்டி எண்பதிலிருந்து அறுபதுக்கு ஏற,
காவலாளி சிவசோதியின் சைக்கிள் கரியரில் குந்தி
கொக்குவில் வரை டீசலுக்கு அலைந்தேன்,
மடியில் வெறுங்கானோடு.

முதல் ஆள் றெஜிஸ்ரன். பாசையூர்.
வள்ளத்து மோட்டர் திருத்துகிறவன்.
வயதும் பத்தொன்பதுதான் என்று சிரித்தான்.
பை உருகி ஏழு நிமிஷத்தில் உள்ளே இறங்கியது.
"ஆர் இஞ்ச உள்ளி இடிச்சது?" என்றாள் தாய்.
கலங்களைக் குளிரில் காத்த மருந்து, அம்மா,
அவன்ர மூச்சில வருது.

நாலாம் நாள் நூற்றிநாலு காய்ச்சல்.
பெயர் கேட்டால் பெயர் வரவில்லை.
மோட்டரின் பாகங்களை மட்டும் வரிசையாகச் சொன்னான்,
பிளக், பிஸ்ரன், காபிரேற்றர், திரும்பவும் பிளக்.
தாய் அந்தோனியாரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.
காய்ச்சலை இறக்கும் ஊசி என் கையில் இருந்தது.
கலங்கள் வேலையைத் தொடங்கிவிட்டன என்ற சந்தோஷமும்
அதே கையில்.
அந்தச் சந்தோஷம் எனக்குப் பிடிக்கவில்லை.

இருபத்தெட்டாம் நாள் என்புமச்சையில் புற்று இல்லை.
அந்த இலக்கத்தை அணிந்திருந்த
ஒரு பாவமும் அறியாத கலங்களும் இல்லை.
ஒன்றுகூட.
கட்டுரையில் அதற்கு ஒரு சொற்றொடர் உண்டு:
எதிர்பார்த்த பக்கவிளைவு.
எழுதினேன், அழித்தேன்,
மதிப்பாய்வாளர் கேட்டபோது திரும்ப எழுதினேன்.

இப்போது மாதம் ஒருமுறை வருகிறான், எண்ணெய்க் கையோடு.
முகம் தெரியாத ஆயிரம் பேரின் குருதியில் வடித்த
பிறபொருளெதிரி அவனுக்குள் இறங்குகிறது.
அந்தச் சொல்லை உடைத்து அவனுக்குக் காட்டினேன்:
பிற. பொருள். எதிரி.
"எதிரிதானே என்னை வைச்சிருக்கு" என்றான்.
என்ன சொல்வதென்று தெரியவில்லை.

இரண்டாவது வாங்கி ஒன்றை வரைந்துகொண்டிருக்கிறேன்.
நல்ல கலத்தில் மட்டும் இருக்கிற வேறொரு குறியை
அது தொட்டால்
முதலாவது அடங்கவேண்டும்.
தலையை மேலும் கீழும் அல்ல,
இடமும் வலமும் ஆட்ட.
இல்லை, இவனில்லை, விடுங்கோ என்று.

நேற்று நூற்றுக்கு எத்தனை பிழைத்தது என்று பார்த்தோம்.
முப்பத்தொன்று.
குறிப்பேட்டில் இலக்கத்தை எழுதி
விளக்கை அணைக்காமல் கொஞ்ச நேரம் நின்றேன்.
வரிசையில் மாஸ்டர் எத்தனையாவது ஆள் என்று
வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற நான்
அன்றைக்கு எண்ணவில்லை.