வட்டத்துக்கு வெளியே ரெண்டு விரல்

பாவாடை நாடா இறுகும் இடத்தில்
முதலில் ஒரு காசளவு.

கம்பம்மெட்டு ஏறும் ஜீப்பில் பதினாறு பேர்.
கையை அசைக்க இடமில்லாதது
அன்றைக்கு எனக்கு நல்லதாகப் போயிற்று.
ஏதோ ஒரு வளைவில் ஒச்சம்மா
தன் இடுப்பைக் கம்பியில் தேய்த்தாள்.
நான் மழையைப் பார்த்தேன்.
இப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

ஏலச்செடிக்குள் ஆறு மாதம் ஈரம்.
உரச்சாக்குக்கு மேல் பிளாஸ்டிக் தாள் சுற்றிக்
கயிற்றால் கட்டிக் காய் கிள்ளக் குனிந்தால்
உடம்பே இட்லிப் பானை.

கம்பத்து மெடிக்கலில்
முகம் பார்க்காமல் ஒரு டியூப் தந்தார்கள்.
மூன்றே நாள், தோல் அடங்கிப் போனது.
ஜீப்பே வாங்கிப் பூசியது.
நாத்தனார் மகள் கழுத்துக்கும் கொஞ்சம்.
வயிறு ஒட்டிய டியூப்பை
பிளேடால் கிழித்து வழித்தோம்.

ஐந்தாம் வாரம்
காசு தட்டானது, தட்டு தாம்பாளமானது.
தோல் வெங்காயச் சருகு.

படர்தாமரை.
பெயர் வைத்தவனுக்கு அரித்திருக்காது.

மெட்டுக்கு அந்தப் பக்கம், சர்க்கார் ஆஸ்பத்திரியில்,
டாக்டர் ஜெஸ்ஸிமோள் 'புழுக்கடி' என்றார்.
பதறிவிட்டேன்.
'புழுவொன்னும் இல்ல சேச்சி, வட்டச்சொறி.'
பழைய டியூப்பைக் கேட்டு வாங்கிக்
கூடையில் எறிந்தார்.
நெருப்பை விட்டுவிட்டுப் புகையை விரட்டும் மருந்தாம் அது.

பேனா மூடியால், தொடாமல், காட்டினார்:
நடுவில் ஆறிவிடும். ஓரத்தில்தான் உயிரோடு இருக்கும்.
வட்டத்துக்கு வெளியே ரெண்டு விரல் தள்ளிப் பூசணும்.
அரிப்பு போன பிறகும் ரெண்டு வாரம்.
உள்துணி வெயிலில் காயணும்.
வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் தொடங்கணும்.

ஆவணியில் எந்த வெயில்?
அடுப்புக்கு மேலே கொடி கட்டினேன்.
வீட்டுக்காரர்
'எனக்கு ஒண்ணுமில்ல' என்றார்
தொடையைச் சொறிந்துகொண்டே.

ஒன்பதாம் நாள் விடியும்வரை தூங்கிப்
போய்விட்டது ஜீப். ஒருநாள் கூலி நஷ்டம்.
ஆனால் என்ன தூக்கம்!

இருபத்திரண்டாம் நாள்
வட்டம் எங்கே இருந்ததென்று
எனக்கே தெரியவில்லை.
இன்னும் பூசுகிறேன்,
இல்லாத ஓரத்துக்கு வெளியே
ரெண்டு விரல் தள்ளி.

நேற்று ஒச்சம்மா கை நீட்டினாள்.
டியூப்பைத் தரவில்லை.
ஆஸ்பத்திரி நாளும் நேரமும் சொன்னேன்.
முகத்தைத் திருப்பிக்கொண்டாள், மூன்று வளைவுக்கு.
செக்போஸ்டில் வண்டி நின்றதும்
காதருகே வந்து கேட்டாள்:
'அந்த டாக்டரு பொம்பளதானே?'