ஐந்து கிலோவுக்குக் கீழே

லாரியோடு நிறுத்திப் பார்க்கும் எங்கள் எடைமேடைக்கு
ஐந்து கிலோவுக்குக் கீழே எதுவும் தெரியாது.
கோழி ஏறி நடந்தாலும் பூஜ்யம்தான்.

காவேரிப்பட்டினம் மாங்கூழ் ஆலையில்
மூன்று பருவம் நான்தான் எண்களை அழுத்தினேன்.
"வண்டிக்கு நாற்பது குறைச்சுப் போடு மக்பூல்.
காம்பு, பால், ஈரம்னு ஏதாவது சொல்லிக்கோ."
சொல்லிக்கொண்டேன்.
பெங்களூரா கிலோ எட்டு ரூபாய்க்கு விழுந்த வருஷம்.
நாற்பதை எட்டால் பெருக்க
முதலாளிக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த மூன்று பருவத்திலும்
ஒரு வக்துகூடத் தவறவில்லை.
அதைச் சொல்லத்தான் கூசுகிறது.
ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால் கோணி விரித்து அஸர்.
வலது தோளுக்கு ஸலாம்.
இடது தோளுக்குத் திரும்பும்போது மட்டும்
கழுத்து பிடித்துக்கொண்ட மாதிரி இருக்கும்.
அங்கே உட்கார்ந்து எழுதுகிறவரிடம்
என் எல்லாச் சீட்டுக்கும் கார்பன் நகல் இருக்கிறது.

தன் பாக்கியை அவன் தள்ளுபடி செய்வான்,
நாடினால், ஒரே சொல்லில்.
அடுத்தவன் பாக்கியை
அடுத்தவன்தான் விட்டுத்தர வேண்டும்.
ஜும்ஆவில் எத்தனை முறை கேட்டது!
கேட்டுவிட்டு, வெளியே வந்து, செருப்பைத் தேடியது.

வேலையை விட்ட மறுவாரம்
பழைய கட்டைப் பிரித்தேன். முப்பத்தேழு பேர்.
ஸுரையா ஆடு விற்ற பணத்தை என் முன்னால் வைத்தாள்.
"எனக்கும் அந்தச் சோறுதானே போட்டீங்க" என்றாள்.
அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

பதினோராவது ஆள், சந்தூர் திம்மராயன்,
போன தையிலேயே செத்துப்போயிருந்தார்.
மகன் சிரித்தான். "வட்டி எங்கே பாய்?"
கொடுப்பதும் எங்களுக்கு ஆகாது என்று வாயெடுத்தேன்.
ஆகாததைப் பற்றிப் பேச இந்த வாயா?
மூடிக்கொண்டேன்.

கெம்பம்மா பணத்தை இரண்டு முறை எண்ணினாள்.
"மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை..."
"ஏமாந்தது அவரு.
அவருக்குப் பதிலா நான் எப்படிச் சொல்ல?"
முந்தானையில் முடிந்துகொண்டாள்.

மறுமை என்று நாங்கள் சொல்வதை
அவள் வேறு வழியாக வந்து சொல்லிவிட்டாள்:
அவரை நானே பார்த்தாக வேண்டும்.

பஸ் போய்விட்டது. மஃரிப் நேரம்.
மகன் ஒட்டுச்செடிப் பைகளைத் தள்ளி வைத்து
ஒரு ஆள் இடம் ஒதுக்கினான்,
வுளூவுக்குச் சொட்டுநீர்க் குழாயைக் கழற்றிவிட்டான்.
ஸஜ்தாவில் நெற்றியில் ஏதோ குத்தியது.
எடுத்துப் பார்த்தால் காய்ந்த மாம்பூத் துணுக்கு,
கடுகைவிடச் சிறிது.
அங்கே நிற்கும் தராசில்
கடுகுக்கும் முள் அசையும் என்று ஓதக் கேட்டிருக்கிறேன்.

இன்னும் இருபத்தாறு பேர்.
நாளைக்குப் பாலேகுளி.
அந்த மனுஷர் உயிரோடு இருக்க வேண்டும் என்று
கையேந்தினேன்,
முழுக்க முழுக்க என் சுயநலத்துக்காக.