மாதிரி அளவு: 41

"தண்ணி இல்லீங்க" என்றார் குப்பணன்.
'நீர் கிடைக்கப்பெறவில்லை' என்று எழுதினேன்.
அந்த 'ங்க' எங்கே போயிற்று என்று
ஒலிப்பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தேன்.
நாற்பது நிமிடப் பேச்சில்
நூற்றுப் பன்னிரண்டு 'ங்க'.
ஒன்றுக்குக்கூட அடிக்குறிப்பு கிடையாது.

திருச்செங்கோட்டுக் கல்லூரியில்
ஆய்வு எழுதுமுறைத் தாள்,
புதனும் வெள்ளியும் கடைசி மணி.
ஜன்னலுக்கு வெளியே பட்டறையில்
ரிக் வண்டிக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள்,
நாளைக்குச் சத்தீஸ்கர் போகிற வண்டி.
உள்ளே சம்பூரணம் மேடம்
எங்கள் வாக்கியங்களிலிருந்து
'நான்' பிடுங்கிக்கொண்டிருக்கிறார்,
கடலைக்காட்டில் கோரை பிடுங்குகிற மாதிரி.
கிழங்கு உள்ளேதான் இருக்கும்.
மேடத்துக்கும் தெரியும்.

என் முதல் வரைவு இப்படித் தொடங்கியது:
'எங்கள் ஊரில் ஏராளமான ஆழ்துளைக் கிணறுகள்
பரிதாபமாகத் தோற்றுவிட்டன.'
சிவப்பு மையோடு திரும்பி வந்தது.
எங்கள் என்றால் யாருடைய?
ஏராளம் என்றால் எத்தனை?
பரிதாபத்தை அளந்தது யார்?
தோற்றது கிணறா, போட்டவரா?

அதற்காக இரண்டு மாதம் ஸ்கூட்டியில் அலைந்தேன்
வேலாங்காட்டுவலசில், தோட்டம் தோட்டமாக.
எத்தனை அடி, எந்த வருடம், கேசிங் பைப் எவ்வளவு,
கடன் யாரிடம், என்ன வட்டி.
ராமாத்தாள் மோர் கொடுத்துவிட்டு
"இதையெல்லாம் எழுதுனா தண்ணி வருமா கண்ணு?" என்றாள்.
வராது என்றேன்.
"செரி, அப்ப எழுதிக்கோ" என்று
எண்ணூத்தி அறுவது, ஆயிரத்து முப்பது, ஆயிரத்து இருநூறு,
சொசைட்டிக்குப் பால் ஊற்றிய கணக்கைப் போல ஒப்பித்தாள்.

எக்செல்லில் ஒரு சந்தேகம் வந்தது.
புழுதி மட்டும் கிளம்பிய கிணற்றுக்கு
நீர் என்ற கட்டத்தில் என்ன போடுவது?
பூஜ்யமா, காலியாக விடுவதா?
"பூஜ்யம்னா அளந்தோம், இல்லைன்னு அர்த்தம்.
காலின்னா நாம அளக்கவே இல்லை.
ரெண்டும் ஒண்ணில்லை, பாரு" என்றார் மேடம்.
பாரு என்றபோது அவர் பார்த்துக்கொண்டிருந்தது
என் அட்டவணையின் கடைசி வரிசையை.

"ஊராட்சிப் பட்டியலில் நாற்பத்திரண்டு தோட்டம்.
உன்கிட்ட நாற்பத்தொன்று.
அந்த ஒண்ணு எங்கே?"

பதில் சொல்ல மறுத்துவிட்டார்கள் என்றேன்.

"கேட்டியா?"

வெளியே பட்டறையில்
யாரோ ஹாரனைச் சோதித்துப் பார்த்தார்கள்.

கேட்கவில்லை.
எனக்கென்று போட்ட சீட்டுப் பணம்
எத்தனையாவது அடியில் தீர்ந்தது என்பதை
வினாநிரலில் எந்த எண்ணில் வைப்பது?

ஞாயிற்றுக்கிழமை
மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர் முன்னால்
போனை வைத்துப் பதிவை அழுத்தினேன்.
"வணக்கம். இது கல்லூரிக்கான ஆய்வு.
விருப்பமில்லாத கேள்விக்கு
நீங்கள் பதில் சொல்ல வேண்டியதில்லை."
பிறந்ததிலிருந்து என்னைச் 'சாமி' என்றே கூப்பிடும் அப்பா
வாளியை ஓரமாக வைத்தார்.
துண்டில் கை துடைத்தார்.
"கேளுங்க" என்றார்.

மூன்று கிணறு.
பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம்.
நாலாவதுக்குப் பாயிண்ட் பார்த்து
கல் நட்டு வைத்திருக்கிறார், மேற்கு வேலியோரம்.
அதற்கு என் அட்டவணையில் கட்டமே இல்லை.

நேற்று ஒப்புமைச் சோதனை அறிக்கை வந்தது.
பதினொரு சதவீதம்.
அதில் பாதிக்கு மேல் நன்றியுரையில்;
'என்னை ஆளாக்கிய பெற்றோருக்கு' என்ற பத்தி
ஏற்கெனவே பலர் எழுதியதாம்.
அழித்துவிட்டேன்.
'ஆய்வின் வரம்புகள்' பகுதியில் ஒரு வரி சேர்த்தேன்:
'42ஆம் பதிலளிப்பாளர் ஆய்வாளரின் தந்தை.'

மேடம் சிவப்புப் பேனாவை அந்த வரிமேல் வைத்தார்.
எடுத்தார்.
"சரி, எண்ணிக்கை மாறிடுச்சு.
எல்லாச் சதவீதத்தையும் முதலிலிருந்து போட்டுட்டு வா."