மூன்றுக்கு மேல் வேண்டாம்

பட்டியலில் ஏழு பெயர்கள்.
ஒரே நாளிலா, என்றேன்.
மில்தா சிரித்தாள். அவள் தம்பி கின்தாரஸ் சிரிக்கவில்லை.
வில்னியஸிலேயே அட்டவணை போட்டு
நிமிஷக் கணக்கோடு வந்திருந்தான்.

தெலாவியில் நான்கு வருஷமாக வண்டி ஓட்டுகிறேன்.
நாக்கின் கணக்கு எனக்குத் தெரியும்.
முதல் இடத்தில் அது காது கொடுக்கும்.
இரண்டாவதில் பேசும்.
மூன்றாவதில் உளறும்.
நான்காவதில்
எதை ஊற்றினாலும் அருமை என்று சொல்லிவிட்டுப்
பின் சீட்டில் குறட்டை விடும்.

பானெட்டின் மேல் காகிதத்தை விரித்து
அடிக்கத் தொடங்கினோம்.
நீரூற்று வைத்த கண்ணாடி மாளிகை:
இன்று பேருந்துகள் வரும் நாள், அடி.
மலையைக் குடைந்த சுரங்கம்:
கின்தாரஸுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அடி.
அலசானிக்கு அக்கரையில் இரண்டு:
பாலத்தில் வேலை நடக்கிறது என்றேன்.
(நடக்கவில்லை. அங்கே ரொட்டி காய்ந்திருக்கும்.)

மிச்சம் மூன்று.
அதில் ஓமரியின் நிலவறை.
அங்கே நாய் கடிக்கும், என்றேன்.
எனக்கு நாய் பிடிக்கும், என்றாள் மில்தா.
பென்சில் வட்டம் போட்டுவிட்டது.

சொல்லியிருக்கலாம்.
அந்தச் சரிவில் மேலே பதினெட்டு வரிசை
சப்பெராவி என்னுடையதாக இருந்தது.
விற்ற பணத்தில் வாங்கியதுதான்
நீங்கள் சாய்ந்து நிற்கும் இந்த வண்டி.
விலை நியாயமான விலை.
ஓமரி ஒரு லாரிகூடக் குறைத்துப் பேசவில்லை.
அதுதான் தொந்தரவு,
கோபித்துக்கொள்ள ஆள் இல்லை.

அவர்கள் உள்ளே போனார்கள்.
நான் கண்ணாடியை இறக்கிவிட்டு உட்கார்ந்திருந்தேன்.
நாய் வந்து டயரை முகர்ந்தது,
காலைத் தூக்கியது, போனது.
உள்ளே புதைத்த ஜாடியின் மூடியை நகர்த்தும் சத்தம்.
பிறகு ஓமரியின் குரல்:
"இது மேல் சரிவு. மண் வேறு."
நான் ரேடியோவைப் போட்டேன்.

சியாலா கோப்பை கொண்டுவரவில்லை.
ஓட்டுகிறவனுக்குச் சொட்டும் ஆகாது, தெரியும் அவளுக்கு.
தட்டில் ஒரு கொத்து.
"மேல் வரிசைதான். என்றைக்கு அறுக்கலாம், சொல்லு.
இவருக்கு அவசரம். எனக்குச் சந்தேகம்."

தோலை மென்றேன். விதையைக் கடித்தேன்.
உள்ளே இன்னும் பச்சை.
தப்பாகச் சொல்ல ஒரு நொடி ஆசை வந்தது,
பல்லிடுக்கில் மாட்டிய தோல்போல.
"ஒன்பது நாள்" என்றேன்.
அவள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டே போனாள்.

நான்கு பாட்டில்கள் மடியில் மோதிக்கொள்ள
மில்தா முன்னால் ஏறினாள்.
"நாய் கடிக்கவில்லையே."
"இன்றைக்கு இல்லை."
கின்தாரஸ் இரண்டாம் இடத்திலேயே
வாயைத் திறந்து தூங்கிவிட்டான்,
என் கணக்கும் தப்பு.
மூன்றாவதை நாங்கள் பேசாமல் கடந்துபோனோம்.

காக்கசஸ் பக்கம் மேகம் கறுத்திருந்தது.
எனக்கென்ன.
திருப்பத்துக்குத் திருப்பம் எட்டிப் பார்த்தேன்.
ஒன்பது என்றிருக்கக் கூடாது,
ஏழு என்றிருக்கலாம்.